எப்போதும், என்றாவது

“உலகத்துலயே ரொம்பப் பாதுகாப்பான லிஃப்ட் எது, சொல்லு பாக்கலாம்?”

“நல்ல கம்பெனிக்காரன் போட்டது.”

“இல்ல.”

“வாராவாரம் ஆள் வந்து பாக்கறது.”

“இல்ல அம்மிணி. நகராத லிஃப்ட். கதவு இடுக்குல யாரும் மாட்ட மாட்டாங்க, கயிறு அறுந்து விழாது, ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்காது. இதுல எப்போதும் எந்தத் தப்பும் நடக்காதுன்னு நீ ரெண்டே வரியில நிரூபிச்சிரலாம்.”

“ஆனா யாரும் மேல போக முடியாதே?”

“அதத்தான் சொல்றேன். உன்ற தர்க்கத்துல எப்போதும்னு ஒரு சொல் இருக்குது. அது மட்டும் போதாது. என்றாவதுன்னு இன்னொரு சொல் வேணும். பட்டனை அழுத்தினா என்றாவது லிஃப்ட் வரணும்.”

“என்றாவதா? அதுக்குள்ள கேன்டீனை மூடிடுவான். முதல்ல தோசை சொல்லுங்க.”

முப்பத்தேழு வருடங்களுக்கு முன்பு, சென்னையில் ஒரு கணித ஆராய்ச்சி நிலையத்தின் கேன்டீனில் நடந்த பேச்சு அது. குமரகுரு அங்கே மூன்றாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவர். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். மயிலாடுதுறையிலிருந்து வந்த மங்கையர்க்கரசி முதலாம் ஆண்டு. அவள் ஊரில் அவளை யாரும் ‘அம்மிணி’ என்று கூப்பிட்டதில்லை. முதல் தடவை அவர் கூப்பிட்டபோது திட்டுகிறாரோ என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு வருடம் கழித்து அவரையே கல்யாணம் செய்துகொண்டாள்.

இப்போது அறுபத்தொரு வயதில், கோவை பீளமேட்டில் ‘இடைமொழி’ நிறுவனத்தின் லிஃப்டில் ஏழாவது மாடிக்குப் போய்க்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு அவளுக்கு நினைவு வந்தது. கண்ணாடியில் தன் நரையைப் பார்த்துக்கொண்டாள். தோசைக்கு அன்று யார் காசு கொடுத்தார்கள் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

மேலே ரெஜினா காத்திருந்தாள். நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவி. நாற்பது வயதிருக்கும்.

“வாங்க மேடம். நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னு இருந்தேன். ஃபில்டர் காபியா, சுக்கு காபியா?”

“விஷயத்தைச் சொல்லும்மா. காபி அப்புறம்.”

ரெஜினா தன் காதுக்குப் பின்னால் இருந்த சின்னப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இந்தக் காலத்தில் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம்தான் அது. அந்தப் பொட்டுக்குப் பெயர் தூது.

யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டும், கேட்க வேண்டும் என்றால் நேரே போய்ச் சொல்வதில்லை. தூதிடம் சொல்லிவிட்டால் போதும். அது எதிராளியின் தூதோடு பேசும். அவர் தூங்குகிறாரா, வேலையில் இருக்கிறாரா, நாடி எப்படி ஓடுகிறது, மனசு கொதிக்கிறதா என்றெல்லாம் விசாரித்து, அவர் தயார் என்றால்தான் சொல்லைக் கொண்டுபோய்க் கொடுக்கும். இல்லாவிட்டால் காத்திருக்கும். ஆறு கோடிப் பேர் அதை அணிந்திருந்தார்கள். மாமியாரிடம் சொல்ல வேண்டியது, மேலாளரிடம் கேட்க வேண்டியது, பிள்ளையைக் கண்டிக்க வேண்டியது எல்லாமே அதன் வழியாகத்தான். கல்யாணப் பந்தியில் சம்பந்தி கோபித்துக்கொண்டு எழுந்துபோன கதையைச் சொன்னால் இளையவர்களுக்குப் புரிவதில்லை. “ஏன், அவங்க தூது போடலையா?” என்று கேட்டார்கள்.

அந்தத் தூதின் கணக்கைப் போட்டவர்கள் அரசியும் குருவும்தான்.

ஒரு தூதைக் காகிதத்தில் வரைவது சுலபம். மூன்று வட்டம், நான்கு அம்பு. சும்மா இருப்பது ஒரு வட்டம், காத்திருப்பது ஒரு வட்டம், சொல்வது ஒரு வட்டம். எப்போது எந்த வட்டத்திலிருந்து எதற்குத் தாவலாம் என்பதுதான் அம்பு. தானியங்கி என்று அதற்குப் பெயர். ஒன்றாக இருந்தால் குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். ஆறு கோடி தானியங்கிகள் ஒரே நேரத்தில் ஓடினால், ஒன்றுக்காக ஒன்று காத்தால், ஒன்றை ஒன்று முந்தினால் என்ன ஆகும் என்பதை யாராலும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தர்க்கத்தால்தான் சொல்ல முடியும். எந்த வழியில் ஓடினாலும் இரண்டு பேரின் சொற்கள் எப்போதும் மோதாது என்றும், சொன்னவர் இல்லாமல் ஒரு சொல்லை யாரும் திறக்க முடியாது என்றும் அரசி நிரூபித்தாள். சொல்ல நினைத்த சொல் என்றாவது போய்ச் சேரும் என்று குரு நிரூபித்தார். அதற்காக அவர் ஒரு விதி வைத்திருந்தார்: முப்பது நாள் காத்தும் எதிராளி தயாராகாவிட்டால், தயாரில்லாவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.

சோதனை ஓட்டத்தில் அந்த விதிதான் புகார்களைக் கொண்டுவந்தது. முப்பத்தோராம் நாள் வந்து விழுந்த ஒரு சொல்லால் ஒரு பெண் வேலை நேரத்தில் அழுதாள். இன்னொருவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். நிறுவனம் விதியை எடுத்துவிடச் சொன்னது. எடுத்தால் அரசியின் நிரூபணம் உடையாது. மோதல் எப்போதும் வராது. அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். குருவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

குருவுக்குத் தெரிந்தபோது அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருப்பாரோ என்னவோ! இருவர் காதிலும் தூது இருந்தது. அரசியின் நாடி அன்று சரியில்லை என்று அவளுடைய தூது சொல்லியிருக்க வேண்டும். அவருடைய கோபத்தை அவருடைய தூது பத்திரமாகப் பிடித்துவைத்துக்கொண்டது. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அலமாரியில் அவர் சட்டைகள் இருந்த இடம் காலியாக இருந்தது. ‘குமரகுரு சில நாட்கள் ஊரில் இருப்பார்’ என்று தூது இனிமையான குரலில் சொன்னது.

சில நாட்கள் என்பது பதினெட்டு வருடமாகிவிட்டது.

“மூணு கோடியே எண்பது லட்சம் மேடம்,” என்றாள் ரெஜினா. “சொல்லாம நிக்கிற கோரிக்கைங்க. பல வருஷமா நிக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுத் தூது வருது. பழசை எல்லாம் அழிச்சிரலாம்னு மேல முடிவு பண்ணியிருக்காங்க. ஆனா இதெல்லாம் எந்த வழியிலயும் போய்ச் சேரவே முடியாதுன்னு ஒருத்தர் சான்று குடுத்தாத்தான் சட்டப்படி அழிக்கலாம்.”

“அதுக்கு நான் எதுக்கு? உங்ககிட்ட ஆளா இல்ல?”

“இருக்காங்க. நீங்க போடலைன்னா வேற யாராச்சும் போட்டுருவாங்க. நான்தான் உங்களையே கூப்பிடணும்னு சொன்னேன்.”

அரசி திரைமுன் உட்கார்ந்தாள். எல்லா வழிகளையும் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் பழைய நிரல், சரிபார்ப்பி, அப்படியே இருந்தது. பரிசோதித்த ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரே கதைதான். இவர் அவருக்காகக் காத்திருந்தார், அவர் இவருக்காகக் காத்திருந்தார். அல்லது மூன்று பேர், நான்கு பேர் வளையமாகக் காத்திருந்தார்கள். என்ன கேட்டார்கள் என்று தெரியாது. யார், யாரிடம், எந்தத் தேதியில், எத்தனை வினாடி என்பது மட்டும் தெரியும். மகன் அம்மாவிடம், பன்னிரண்டு வினாடி. அக்கா தங்கையிடம், மூன்று நிமிடம். மூன்று நிமிடம் பேசியிருக்கிறாளே, பாவம், என்று அரசி நினைத்தாள்.

“மேடம்,” ரெஜினா குரலைத் தாழ்த்தினாள். “எங்கப்பா போன வருஷம் தவறிட்டாரு. அவர் பேர்ல எனக்கு ஒன்னு நிக்குது. ஒன்பது வினாடி. எனக்கு நேரம் சரியில்லன்னு என் தூது சொல்லிட்டே இருந்திருக்கு. புரோமோஷன் வந்த வருஷம் அது.”

“கேட்டுப் பாக்கலாமே?”

“சொல்ற ஆளு இல்லாம தூது சொல்லாது. திறக்கவும் முடியாது. நீங்கதான மேடம் அப்படி நிரூபிச்சீங்க?”

அவள் குற்றம் சாட்டவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். அரசியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே தன் பெயரை உள்ளிட்டாள்.

அவளுக்கும் ஒன்று நின்றது. அது அவளுக்குத் தெரிந்ததுதான். குரு போன மூன்றாம் நாள் தூதிடம் சொன்னது. குருவிடம் ஒரு கோரிக்கை, ஏழு வினாடி. கீழே ஒரு நிபந்தனை: ‘அவர் முதலில் பேசினால் மட்டும்.’ அதையும் அவளேதான் கோபத்தில் வைத்தாள். ஒரு வாரத்தில் அவர் பேசிவிடுவார் என்று நினைத்தாள். பேசவில்லை. அவருக்குத் தன்னிடம் கேட்க ஒன்றுமே இல்லை என்று முடிவுகட்டி, வருடங்களை அதன்மேல் அடுக்கிவிட்டாள்.

அவள் எதிர்பார்க்காதது அடுத்த வரி.

குமரகுரு, மங்கையர்க்கரசியிடம். நான்கு வினாடி. தேதி, அவள் சொன்ன அதே தேதி. நிபந்தனை: ‘அவள் முதலில் பேசினால் மட்டும்.’

பக்கத்தில் எதிராளி தயாராக இருந்த நாட்களின் எண்ணிக்கை இருந்தது. இரண்டு பேருக்கும் ஆறாயிரத்துச் சொச்சம். பதினெட்டு வருடத்தில் அவர் ஏறக்குறைய எல்லா நாளும் அவள் பேச்சைக் கேட்கத் தயாராக இருந்திருக்கிறார். அவளும்தான்.

“என்ன மேடம், தண்ணி வேணுமா?”

“சிரிப்பு வருதும்மா.” அரசிக்கு உண்மையில் சிரிப்புதான் வந்தது, கண்ணிலிருந்து. “இந்த ஒரு நிபந்தனையை ரெண்டு பக்கமும் வெச்சா ரெண்டும் நின்னுரும்னு முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியும். நாங்க ரெண்டு பேரும் பாடமே நடத்தியிருக்கோம். அவருக்குத் தெரியாதா, அவர் வைக்க மாட்டாருன்னு நான் நினைச்சேன். அரசிக்குத் தெரியாதான்னு அவர் நினைச்சிருக்காரு.”

ரெஜினா சான்றுத் தாளை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினாள். “அப்போ கணக்குப்படி எதுவுமே போய்ச் சேராது. அது உண்மைதானே மேடம்?”

“உண்மைதான்.”

“கையெழுத்து?”

அரசி பேனாவை எடுத்தாள். நான்கு வினாடியில் ஒரு மனிதர் என்ன கேட்டிருக்க முடியும்? வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அது எங்கேயும் இருக்காது. அவரும் அதை மறுபடி சொல்லப் போவதில்லை. தூதிடம் சொல்லியாகிவிட்டது, அவள்தான் கேட்கவில்லை என்று சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பார்.

பேனாவை மூடி வைத்தாள்.

“நாங்க வரைஞ்ச படத்துல ஒரு அம்பு விட்டுப்போச்சு ரெஜினா. ஒரு ஆளு எந்திரிச்சு, பஸ் ஏறி, நேர்ல போய்ச் சொல்றதுக்கு ஒரு அம்பு. அதை நாங்க போடவே இல்ல. தூது வந்தப்புறம் யாரு போவாங்கன்னு விட்டுட்டோம். அந்த வழி இருக்கா இல்லையான்னு தெரியாம முடியாதுன்னு எப்படிச் சான்று குடுக்கறது?”

“மேல கேட்டா நான் என்ன சொல்ல?”

“ஒரு வழி பாக்கி இருக்குது, மேடம் பாக்கப் போயிருக்காங்கன்னு சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்.” கிளம்பியவள் நின்றாள். “அந்தப் பட்டியல்ல இருக்கறவங்களுக்கு, உங்களுக்கு ஒருத்தர் ஏதோ சொல்லக் காத்திருக்காருன்னு மட்டும் தெரிவிக்க முடியாதா? என்னன்னு சொல்ல வேண்டாம்.”

“அது தொந்தரவு மேடம். விதிப்படி கூடாது.” ரெஜினா சான்றுத் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். “ஆனா நீங்க பாத்துட்டு வந்து சொன்னா, கேட்டுப் பாக்கறேன்.”

மறுநாள் காலை அரசி காதிலிருந்து தூதைக் கழற்றிக் குங்குமச் சிமிழுக்குள் போட்டாள். காதுக்குப் பின்னால் காற்றுப் பட்டுக் கூசியது. சொல்லாமல் கொள்ளாமல் ஒருவரைப் பார்க்கப் போவது இப்போதெல்லாம் குளியலறைக் கதவைத் தட்டாமல் திறப்பதற்குச் சமம். பொள்ளாச்சி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் அவள் காதைப் பார்த்துவிட்டு, நோயாளியோ என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. கல்யாணமான புதிதில் இதே சாலையில் வந்தது அவளுக்கு நினைவிருந்தது. அப்போது குரு பஸ் முழுக்கக் கேட்கும்படி அவளோடு வாதாடிக்கொண்டு வந்தார். எதைப் பற்றி? முடிவில்லாத பாதைகளை எண்ண முடியுமா என்பதைப் பற்றி. முன் சீட்டுக் கிழவர் திரும்பி, “புருசன் பொஞ்சாதி சண்டைய வூட்டுல போய் வெச்சுக்கங்க கண்ணு” என்றார். இரண்டு பேரும் ஆனைமலை வரும்வரை சிரித்தார்கள்.

குரு ஊருக்குப் போய் வாத்தியாராகவில்லை, விவசாயமும் பார்க்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தாள். கால்வாய்ப் பாசன சங்கத்தில் தண்ணீர் முறை போட்டுக் கொடுக்கிறாராம். எந்த வயலுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் தண்ணீர் பாய வேண்டும் என்று வாராவாரம் பட்டியல் எழுதுவது. இவ்வளவு படித்துவிட்டு இதுவா என்று அப்போது அவளுக்கு இருந்தது. இரண்டு மடை ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது, யார் முறையும் விட்டுப்போகக் கூடாது. அவருக்குப் பிடித்த கணக்கைத்தான் அவர் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது இந்தப் பஸ்ஸில்தான் உறைத்தது.

சங்கக் கட்டிடத்தை அவள் தேட வேண்டியிருக்கவில்லை. சத்தமே வழி காட்டியது.

“ஏனுங் சார், போன வாட்டியும் இதேதான் சொன்னீங்க! மேல்மடைக்காரன் நாலு மணி நேரத்துக்கு அஞ்சு மணி நேரம் உடறான். என்ற தென்னைக்குச் சொட்டுத் தண்ணி இல்ல. நானென்ன ஆகாசத்துல இருந்தா புடிச்சு ஊத்தறது?”

“அஞ்சு மணி நேரம்னு யாருங்க பாத்தது மயிலாத்தா?”

“நாந்தான் பாத்தேன். மடை மேலயே குக்கி உக்காந்துக்கிட்டு இருந்தேனுங்க, சந்தேகமா?”

ஐம்பது வயதுப் பெண்மணி. புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். காலில் சேறு. அவள் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினாள். மேசைக்குப் பின்னால் குமரகுரு. தலை முழுக்க வெளுத்து, கழுத்தெலும்பு தெரிய, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அவரும் சரிக்குச் சரியாகக் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார். அவர் முகம் அவ்வளவு உயிரோடு இருந்ததை அரசி கடைசியாகக் கரும்பலகை முன்னால்தான் பார்த்திருந்தாள். அங்கே ஒருவர் காதிலும் பொட்டு இல்லை.

மயிலாத்தாதான் வாசலில் நின்றவளை முதலில் பார்த்தாள். “வாங்க, உங்களுக்கும் கடைமடையா?”

குரு நிமிர்ந்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக மூக்குக்கு இறங்கியது.

“அரசி?”

“ம்.”

“காலைல வூட்டுல தூது ஒன்னும் சொல்லலையே.”

“போட்டுட்டு வரல.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு அதில் தூசி இருக்கிறது என்று துண்டால் தட்டினார். அவள் உட்காரவில்லை.

“இங்க யாருமே போடறதில்லையா?” என்று கேட்டாள். கேட்க வந்தது அது இல்லை.

“வூட்டுல போட்டுக்குவோம். சங்கத்துக்குள்ள கூடாதுன்னு தீர்மானம். முதல் வருசம் போட்டுப் பாத்தோம். எல்லாரும் மரியாதையா இருந்தாங்க. கடைமடைக்கு மூணு மாசம் தண்ணியே போகல. ஒருத்தரும் கேக்கல, அத்தனை பேர் கேள்வியும் தூதுலயே நின்னுக்கிச்சு.” அவர் மேசையில் இருந்த நோட்டைத் தொட்டார். “அப்பறம் ஒரு வழக்கம் வெச்சோம். கடைமடைக்காரங்க வந்து என்ற மூஞ்சிக்கு நேரா சத்தம் போட்டாத்தான் அடுத்த வாரப் பட்டியல்ல நான் கையெழுத்துப் போடுவேன். சத்தம் வரலைன்னா எங்கியோ தப்புன்னு அர்த்தம்.”

“அதுக்குத்தானுங்க வாராவாரம் தொண்டை கட்டுது எனக்கு,” என்றாள் மயிலாத்தா.

அரசி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. இதே மனிதர், யாரோடும் இத்தனை சத்தமாகச் சண்டை போடத் தெரிந்தவர், தன்னோடு மட்டும் ஒரு சொல் பேசாமல் சட்டைகளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். போக வைத்தது அவள் நிரூபணம்.

“குரு, நாளைக்கு வெள்ளிக்கிழமை, எல்லாத்தையும் அழிக்கறாங்க. நிக்கிறது எல்லாம். உங்களோடதும் ஒன்னு நிக்குது. நான் பாத்தேன். நாலு வினாடி. என்னோடதும் இருக்கு.”

அவர் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. “உன்னோடதா? நீ… நிபந்தனை?”

“நீங்க வெச்ச அதேதான்.”

வெளியே வாய்க்காலில் தண்ணீர் போகும் ஓசை கேட்டது. பிறகு இருவரும் ஒன்றாக வாயைத் திறந்தார்கள். ஒன்றாக நிறுத்தினார்கள்.

“நீ சொல்லு.”

“இல்ல, நீங்க சொல்லுங்க.”

“நீதான வந்திருக்கற. நீயே மொதல்ல…”

“பரவால்ல, நீங்க…”

“அட!” மயிலாத்தா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். “நீ சொல்லு நீ சொல்லுன்னு ரெண்டு பேரும் நின்னுக்கிட்டா என்ற தென்னைக்கு எப்பத் தண்ணி பாயறது? யாராச்சும் ஒருத்தரு வாயத் தொறங்க. சாமி, எங்கூட்டுல நானும் அவரும் ஒரே சமயத்துலதான் கத்துவோம். என்ன கெட்டுப்போச்சு இப்ப?”

குரு அரசியைப் பார்த்தார். பதினெட்டு வருடம் மூடிவைத்த வாய், காவலுக்கு யாரும் இல்லாதபோதும் தானாகக் காத்திருந்தது. அவளுக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. தூது இருந்திருந்தால் இந்தக் கணத்தில் நிச்சயம் ‘இப்போது வேண்டாம்’ என்றிருக்கும். மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள்.

“என்கூட சண்டை போடுங்க,” என்றாள் மங்கையர்க்கரசி. “நான் உங்களைக் கேக்காம கையெழுத்துப் போட்டேன். இப்படிப் பேசாமப் போயிடாதீங்க. என் முகத்தைப் பாத்து, சத்தமா, ஒரு சண்டை போடுங்க.”